தாமஸ் பெயின் சரிதமும் கொள்கையும்

பெரியோர் சரிதங்களை நாம் படிப்பது அவர்கள் எய்திய புகழைக் கண்டு வியப்பதற்கு மாத்திரமன்று. ஒருவர் எக்கொள்கையைப் பற்றி நின்றார், அதன்பொருட்டு எவற்றை இழக்கத் துணிந்தார் என்பதை அறிந்து, நம் நடையை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுதலே அப்படிப்பின் பயனாகும். இம்முறை நம் சங்கத்து அன்பர்கள் முன்னும் அவர்தம் குடும்பத்தார் முன்னும் வைக்க நாம் எடுத்துக்கொண்டது தாமஸ் பெயின் என்னும் ஆங்கிலேயரின் சரிதம். அவர் உயர்குடியிற் பிறந்தவரல்லர், கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர், சேனையை நடத்தியவருமல்லர். ஆயினும் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் தனியரசாக நிற்கத் துணிந்ததற்கு அவருடைய எழுதுகோல் ஒரு பெருங் காரணமாயிற்று. இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் தமக்கும் உரிமையுண்டு என்று உணர்ந்ததற்கும் அவர் நூல்களே துணைநின்றன.

மதம், சமூகம், அரசாங்கம் என்னும் மூன்றையும்பற்றி அவர் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நூல்கள் இயற்றினார். அவற்றை ஊன்றி நோக்குவோர்க்கு மூன்றும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது விளங்கும். அவ்வேர் யாதெனில், மக்கள் யாவரும் பிறப்பினால் ஒப்பானவர். ஆதலின் முன்னோர் வகுத்தது என்னும் ஒன்றுமட்டும் காரணமாக எந்த அதிகாரமும், எந்தச் சமயக்கூற்றும், எந்தச் செல்வவுரிமையும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்பதே. இத்தகைய கொள்கையைப் பகைவர்மேற் செலுத்துதல் எவர்க்கும் எளிது. நண்பர்மேலும் செலுத்துதல் அரிது. பெயின் அவ்வரிய செயலைச் செய்தார். அதற்குரிய விலையையும் தம் வாழ்நாளிலேயே கொடுத்துத் தீர்த்தார். அவ்வரலாற்றையே இனிக் கூறுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியில் நார்போக் என்னும் ஜில்லாவைச் சார்ந்த தெட்போர்டு என்ற சிற்றூரில், அக்காலத்து ஆங்கிலப் பஞ்சாங்கப்படி 1737-ம் வருஷம் ஜனவரி மாதம் 29-ந் தேதி பெயின் பிறந்தார். அவர் தந்தையார் ஜோசப் என்பவர் கச்சுத் தைக்குந் தொழிலினர். அந்நாளைய ஆங்கில மாதர் மேலாடைக்குள் உடலை இறுக்கி நிறுத்தும்பொருட்டு அணிந்த கச்சுகளில், திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த வளையும் எலும்பு போன்ற பொருளைச் சிறு சிறு குச்சிகளாக்கி வைத்துத் தைப்பது வழக்கம். கைத்திறன் மிகுதியும் வேண்டிய தொழிலாயினும் அதில் வருவாய் கொஞ்சம். மதிப்போ அதனினுங் கொஞ்சம். பிற்காலத்தில் பெயினுடைய வாதங்களுக்கு விடையிறுக்க மாட்டாத பெருமக்கள் பலர், அவரைக் கச்சுத் தையற்காரன் என்று பழித்து அம்மட்டில் ஆறுதலடைந்தனர். பிறந்த தொழிலைச் சுட்டிக் காட்டி ஒருவன் வாயை அடைத்துவிடும் வழக்கம் நம் தேசத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பதை நம்மவர் இதனால் அறிந்துகொள்ளலாம்.

தந்தையார் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சார்ந்தவர். அப்பிரிவினர் குருமாரை வைத்துக்கொள்ளார்; சத்தியப் பிரமாணம் செய்யார்; எத்துணைப் பெரிய மனிதர் எதிர்ப்படினும் தொப்பியைக் கழற்றி வணங்கார். தாயாரோ ஒரு வழக்கறிஞரின் புதல்வியார். அரசாங்கத் திருச்சபையைச் சார்ந்தவர். இவ்வாறு இரண்டு வழிபாடுகள் ஒரே கூரையின்கீழ் நடந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, மதம் என்பது ஒன்றேயாய் மறுப்பின்றி நிற்பது என்னும் எண்ணம் எழ இடமில்லை. ஏழெட்டு வயதில், இறைவன் தன் மகனையே பலியாக ஏற்றான் என்னும் பிரசங்கம் ஒன்றைக் கேட்டுவிட்டுத் தோட்டத்திற்குச் சென்றபோது, நல்லவனாகிய கடவுள் அவ்வாறு செய்வானா என்று தம் பிள்ளை நெஞ்சம் துணுக்குற்றதை அவர் முதுமையிலும் மறந்தாரில்லை.

ஊரிலிருந்த இலக்கணப் பள்ளியிற் சில வருஷம் படித்தார். இலத்தீன் கற்பிக்கும் நூல்கள் தந்தையார்க்கு உடன்பாடல்லாமையால் அம்மொழியைக் கற்கவில்லை. அக்காலத்தில் இலத்தீன் அறியாதான் கற்றோர் வரிசையில் வைத்தெண்ணப்படான். பதின்மூன்று வயதளவில் பள்ளியை விட்டுத் தந்தையாரிடமே கச்சுத் தைக்கப் பழகலானார்.

முப்பத்தேழு வயதுவரை

இதன்பின் இருபத்துநான்கு வருஷகாலம் அவர் கைதொட்ட காரியம் எதுவும் துலங்கவில்லை. போர்க்கப்பல் ஒன்றிற் சேர்ந்து சில காலம் கடலோடினார். 1759-ல் ஸான்ட்விச் என்னும் ஊரிற் கச்சுக்கடை வைத்து, மேரி லாம்பர்ட் என்னும் மங்கையை மணந்தார். அடுத்த வருஷமே அவ்வம்மையார் இறந்தார். பின்னர்க் கலால் இலாகாவில் உத்தியோகம் கிடைத்தது. 1765-ல், சரக்குகளை நேரிற் சென்று பாராமலே பார்த்ததாகக் கணக்கில் எழுதினார் என்னும் குற்றத்திற்காக அவ்வுத்தியோகத்தினின்று நீக்கப்பட்டார். அக்குற்றத்தை அவர் மறைத்தாரில்லை. ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டே மீண்டும் வேலை பெற்றார். இடையில் லண்டனில் வருஷத்திற்கு இருபத்தைந்து பவுன் சம்பளத்திற்கு உபாத்தியாயராகவும் இருந்தார்.

1768-ல் லூவிஸ் என்னும் ஊருக்குக் கலால் உத்தியோகஸ்தராகச் சென்றார். 1771-ல் எலிஸபெத் ஆலிவ் என்பவரை இரண்டாந்தாரமாக மணந்து, அவர் குடும்பத்தாரின் கடையையும் பார்த்துவந்தார். அக்காலத்துக் கலால் உத்தியோகஸ்தர் சம்பளம் வருஷம் ஐம்பது பவுன். அதிற் குதிரை வைத்துக்கொள்ளும் செலவும் அடங்கும். வறுமையே கையூட்டுக்குத் தாய் என்பதைக் கண்ட பெயின், உடன் உத்தியோகஸ்தர் சார்பாக 1772-ல் ஒரு விண்ணப்பம் எழுதி அச்சிட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர்க்கு வழங்கினார். பலன் ஒன்றும் விளையவில்லை. 1774-ல் உத்தியோகம் போயிற்று. கடைச் சாமான்கள் கடனுக்கு ஏலமாயின. மனைவியாரும் அவரும் பிரிந்து வாழ உடன்பட்டனர். முப்பத்தேழு வயதில் வீடின்றி, மனைவியின்றி, தொழிலின்றி நின்றார். அப்பொழுது லண்டனிலிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் என்னும் அமெரிக்கப் பேரறிஞர், இவர் அறிவுடைமையைக் கண்டு, தம் நாட்டிலுள்ளோர்க்கு ஒரு கடிதங் கொடுத்து அனுப்பினார். அக்கடிதமே இவர்க்கு எஞ்சிய செல்வம்.

அரசாங்கத்தைப்பற்றிய கொள்கை

1774-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி பெயின் பிலடெல்பியா துறைமுகத்தை அடைந்தார். கப்பற் காய்ச்சலால் நடக்கமாட்டாதிருந்த அவரைத் தூக்கியே கரைசேர்த்தனர். நோய் நீங்கியபின் அந்நகரில் ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியரானார். அப்பொழுது அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்ற நாடுகளும் வரி விஷயமாக இங்கிலாந்து அரசாங்கத்தோடு வழக்காடிக்கொண்டிருந்தன. 1775-ல் சண்டையும் மூண்டது. ஆயினும் மக்களிற் பெரும்பாலோர் மன்னர் மனமிரங்கிக் குறை தீர்ப்பார் என்றே நம்பியிருந்தனர். மன்னர் ஆட்சியே வேண்டாம் என்று வாய்திறந்து கூறுவார் மிகச் சிலர்.

1776-ம் வருஷம் ஜனவரி மாதம் 10-ந் தேதி, ஆசிரியர் பெயரின்றி ஒரு சிறு நூல் பிலடெல்பியாவில் வெளிவந்தது. அதன் பெயர் 'காமன் ஸென்ஸ்', அதாவது யாவர்க்கும் இயல்பாயமைந்த அறிவு என்பது. அதிற் பெயின் சமூகத்தையும் அரசாங்கத்தையும் முதலிற் பிரித்துக் காட்டினார். ஒருவர்க்கொருவர் உதவி வேண்டியிருத்தலால் மக்கள் கூடி வாழ்வது சமூகம். அது இயல்பானது, நன்மையே தருவது. அக்கூட்டத்திற் சிலர் தீமை செய்வதை அடக்கும்பொருட்டு ஏற்படுத்திக்கொண்டது அரசாங்கம்; அது எத்துணைச் செவ்விதாயினும் நாம் தாங்கவேண்டிய ஒரு சுமையே. சுமையாயின் அது எளிதாகவும், சுமப்பவர் இசைவைப் பெற்றதாகவும் இருத்தல் வேண்டாவோ என்று வினவினார். அடுத்துப் பரம்பரை அரசுரிமையை ஆராய்ந்தார். வைத்தியன் மகன் என்பதற்காக மருந்தறியாதவனிடம் நோயாளியை ஒப்படைப்பார் ஒருவருமிலர். அங்ஙனமிருக்க ஒரு தேசத்தை அரசன் மகன் என்பதற்காகவே ஒருவனிடம் ஒப்படைத்தல் எவ்வாறு அறிவாகும் என்பதே அவர் ஆராய்ச்சியின் சாரம்.

அந்நூலின் பெருமை அதன் கருத்தில் மாத்திரம் அமைந்ததன்று. அதுவரை அரசியல் நூல்கள் இலத்தீன் மேற்கோள்கள் நிறைந்து கற்றோர்க்கே விளங்குவனவாயிருந்தன. பெயினோ கொல்லனும் தச்சனும் படித்து விளங்கிக்கொள்ளும் நடையில் எழுதினார். கல்லாதார் கூடி நிற்க ஒருவர் படிக்கக் கேட்டனர். அவ்வருஷத்திற்குள் அது பல பதிப்புகளைக் கண்டது. அதனால் வந்த தம் பங்கு இலாபத்தைக் கானடா நோக்கிச் சென்ற போர்வீரர்க்குக் கையுறை வாங்கும்படி விட்டுக்கொடுத்தார். நூல் வெளிவந்த ஆறு மாதத்திற்குள், 1776-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, அமெரிக்க நாடுகள் சுதந்திரப் பிரகடனம் செய்தன.

எழுதியதோடு அமையாமல் பெயின் தாமும் சேனையிற் சேர்ந்து நடந்தார். அவ்வருஷம் டிசம்பர் மாதம் வாஷிங்டனது சேனை தோற்றுப் பின்வாங்கிக் குளிரினும் பசியினும் நலிந்தபோது, வீரர் உள்ளத்தை ஊக்கும் கட்டுரையொன்றை வெளியிட்டார். வாஷிங்டன் அதனைத் தம் வீரர்க்குப் படித்துக் காட்டச் செய்தார் என்பர். சில நாட்களில் அச்சேனை டெலவேர் நதியைக் கடந்து டிரென்டன் நகரில் வெற்றி பெற்றது. 1780-ம் வருஷம் மார்ச்சு மாதம் பென்ஸில்வேனியா சட்டசபை அடிமைத்தனத்தைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியபொழுது, அச்சபையின் காரியஸ்த எழுத்தராயிருந்தவரும் பெயினே.

சமூகத்தைப்பற்றிய கொள்கை

யுத்தம் முடிந்தபின், தாம் கருதியமைத்த இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டுவிக்கும் நோக்கத்தோடு 1787-ல் பெயின் ஐரோப்பாவிற்குத் திரும்பினார். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி தோன்றிற்று. அமெரிக்கர்க்குப் பரிந்து பேசியவரும் பெயினுக்கு நண்பருமாகிய எட்மண்ட் பர்க் என்பார், 1790-ல் அப்புரட்சியைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். முன்னோர் செய்த உடன்படிக்கை பின்னோரையும் என்றென்றைக்கும் பிணிக்கும் என்பது பர்க்கின் நிலை. இதற்கு மறுமொழியாகப் பெயின் 'மனிதனுடைய உரிமைகள்' என்னும் நூலின் முதற்பாகத்தை 1791-லும் இரண்டாம் பாகத்தை 1792-லும் வெளியிட்டார். முதற்பாகத்தை வாஷிங்டனுக்கு உரிமையாக்கினார்.

இறந்தோர் தம் காலத்திற்குத் தாமே அதிகாரிகள். இருப்போர் தம் காலத்திற்குத் தாமே அதிகாரிகள். மண்ணுள் மறைந்த ஒரு தலைமுறை இனிப் பிறக்கவிருக்கும் தலைமுறைக்கு விலங்கு பூட்டிச் செல்ல எவ்வித உரிமையும் இல்லை என்று அதில் நிலைநாட்டினார். முன்னோரை மதித்தல் வேறு, முன்னோர்க்கு அடிமைப்படுதல் வேறு என்பது அவர் கருத்தென நாம் கொள்கின்றோம்.

இரண்டாம் பாகத்தில் அவர் வெறுங் கொள்கையோடு நிற்கவில்லை. அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கைக் கையிலெடுத்துக்கொண்டு, வீண் செலவைக் குறைத்தால் என்னென்ன செய்யலாமென்று தொகை தொகையாகக் கணக்கிட்டுக் காட்டினார். ஏழைக் குடும்பத்திற் பதினான்கு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வருஷம் நான்கு பவுன் கொடுத்துப் படிக்க வைத்தல்; ஐம்பது வயது கடந்த ஏழைகட்கு வருஷம் ஆறு பவுனும், அறுபது கடந்தவர்க்குப் பத்துப் பவுனும் அளித்தல்; வேலையற்றோர்க்கு வேலையும் உணவும் தருதல் என்பன அவற்றுட் சில. இவற்றை அவர் தருமம் என்று கூற உடன்படவில்லை. வாழ்நாளெல்லாம் உப்புக்கும் துணிக்கும் வரி கொடுத்து உழைத்தவன் முதுமையிற் பெறுவது அவனுக்குரிய பாக்கியே என்றார்.

நூல் விலையுயர்ந்த பதிப்பாயிருந்தவரை அரசாங்கத்தார் அதிகம் பொருட்படுத்தவில்லை. மலிவுப் பதிப்பாகித் தொழிலாளர் கையில் ஏறிய பின்னரே அஞ்சினர். பெயின் மேல் இராஜத் துரோக வழக்குத் தொடர்ந்தனர், விற்றவர்களைச் சிறையிலிட்டனர், ஊர்தோறும் அவர்போற் பாவை செய்து கொளுத்துவித்தனர். 1792-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பெயின் பிரான்சு தேசம் போய்ச் சேர்ந்தார். டிசம்பர் மாதம் அவரில்லாமலே விசாரணை நடந்து குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. அதன்பின் அவர் பிறந்த மண்ணை மிதிக்கவேயில்லை.

கொள்கைக்கு வந்த சோதனை

பிரெஞ்சு மக்கள் அவரைத் தங்கள் தேசிய மகாசபைக்கு அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தனர். பிரெஞ்சு மொழி பேசத் தெரியாதவர்க்கு அத்துணை மதிப்பு. அச்சபைமுன் பதினாறாம் லூயி மன்னரின் விசாரணை வந்தது. முடியாட்சியைப் பெயினைப்போல் எதிர்த்து எழுதினார் வேறொருவரில்லை. ஆகலின் அவர் மரண தண்டனைக்கே வாக்களிப்பார் என்று யாவரும் எதிர்பார்த்தனர். அவரோ எழுந்து நின்று, தம் கருத்தைப் பிறரொருவர் பிரெஞ்சில் வாசிக்க, மன்னரைக் கொல்லலாகாது என்று மன்றாடினார். ஒழியவேண்டியது அரச பதவி. லூயி என்னும் மனிதனின் உயிரன்று. யுத்தம் முடியும்வரை காவலில் வைத்துப் பின்னர் அமெரிக்காவிற்கு அனுப்பிவிடுக. அவ்வரசனே அமெரிக்கர் விடுதலைக்கு உதவினவன் என்பதையும் மறவற்க என்பது அவர் வேண்டுகோள். மாரா என்னும் தலைவர் இடைமறித்து, பெயின் குவேக்கர் ஆதலின் கொலைத்தண்டனை விஷயத்தில் அவர் வாக்குச் செல்லாது என்று கூவினார். பிறப்பைப் பார்த்து வாயடைத்தலை இங்கிலாந்தில் மன்னர் கட்சியாரிடம் கண்டவர், பிரான்சிற் குடியரசுக் கட்சியாரிடமும் அதனையே கண்டார். 1793-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி மன்னர் தலை வீழ்ந்தது.

அன்றுமுதல் பெயின் சந்தேகத்திற்கு ஆளானார். அவ்வருஷம் டிசம்பர் 28-ந் தேதி அவரைச் சிறைபிடித்து லக்ஸம்பர்க் மாளிகையில் அடைத்தனர். நாள்தோறும் உடனிருந்தோர் கொலைக்களம் சென்றனர். கொல்லப்படவேண்டியவர் அறைக் கதவில் இரவிற் குறியிடுவது அங்கு வழக்கம். பெயின் காய்ச்சலால் நினைவிழந்து கிடந்த நாளில், அவர் அறைக் கதவு வெளிப்புறமாகத் திறந்து சுவரோடு சார்ந்திருந்தமையால், அக்குறி கதவின் உட்புறத்தில் இடப்பட்டதென்றும், இரவிற் கதவை மூடியதும் குறி உள்ளே மறைந்து உயிர் தப்பிற்றென்றும் அவரே பின்னர் எழுதியிருக்கின்றார். 1794 ஜூலையில் ரோபெஸ்பியர் வீழ்ந்தார். நவம்பர் 4-ந் தேதி, அமெரிக்கத் தூதர் மன்ரோ பரிந்து கேட்க, பெயின் விடுதலை பெற்றார்.

சிறையிலிருந்த பத்து மாதமும் தம் பழைய நண்பர் வாஷிங்டன் ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்னும் புண் அவர் நெஞ்சில் ஆறவில்லை. 1796-ல் அவரை வைது ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வருத்தம் நியாயமாயினும், வாஷிங்டனது போர்த் திறமையையும் குணத்தையும் ஒருங்கே பழித்தது அளவு கடந்ததேயாகும். பெரியோர் பிழையையும் மறையாது கூறுதல் சரிதம் எழுதுவார் கடமையாதலின் இதனையும் கூறினோம்.

மதத்தைப்பற்றிய கொள்கை

சிறை புகுவதற்குச் சிறிது முன்னர் 'பகுத்தறிவின் காலம்' என்னும் நூலின் முதற்பாகத்தை அவர் எழுதி முடித்திருந்தார். காவலர் அழைத்துச் செல்லும்போதே ஏட்டை ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். அது 1794-ல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 1795-ல் வந்தது.

பெயினை நாஸ்திகரென்று பலர் நெடுங்காலம் தூற்றினர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்டும் தாம் எழுதிய ஒரு சரித்திர நூலில் அவ்வாறே இழித்துரைத்தார். உண்மையோ வேறு. கடவுள் ஒருவர் உண்டென்றும், மறுமையில் நலம் எய்தலாமென்றும் அவர் நம்பினார். நியாயம் செய்தலும், இரக்கங் கொள்ளுதலும், உடனுறையும் உயிர்களை இன்புறுத்த முயலுதலுமே சமயக்கடமை என்பது அவர் துணிபு. பிரான்சில் ஆலயங்களை மூடிக் குருமாரை ஒழித்த வேகத்திற் கடவுள் நம்பிக்கையும் நல்லொழுக்கமும் உடன் அடித்துச் செல்லப்படுமோ என்னும் அச்சமே அந்நூலை எழுத அவரைத் தூண்டியவற்றுள் ஒன்று.

அவர் மறுத்தது வேறொன்று. கடவுள் ஒருவர்க்கு ஓர் உண்மையை நேரே வெளியிட்டால் அவர்க்கு அது தெய்வவாக்கு. அவர் சொல்ல நாம் கேட்பது கேள்வியேயாம். கேள்வியை ஆராய்ந்தே கொள்ளவேண்டும், ஆராயாதாரைத் தண்டிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்றார். எல்லார்க்கும் பொதுவாய், எம்மொழியினரும் படிக்கத்தக்கதாய், எவராலும் திருத்தமுடியாததாய் விரிந்து கிடக்கும் படைப்பே இறைவன் எழுதிய ஏடு என்பது அவர் கொள்கை. விவிலிய நூலை அவர் ஆராய்ந்த முறையிற் கடுமையும் ஏளனமும் உண்டு. நம் அன்பர் பலர்க்கு அது உடன்பாடாகாது. ஆயினும் தம் கருத்தை மறுப்பார்க்கும் தம்மைப்போன்றே உரிமையுண்டு என்பதை அவர் எங்கும் மறந்தாரில்லை. பிற மதத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறோம் என்று பெருமை பேசுதலும் அவர்க்கு உவப்பன்று. பொறுக்கிறேன் என்பவன், பொறுக்காமலிருக்கவும் தனக்கு அதிகாரம் உண்டென்று கருதுகின்றான் அன்றோ.

நிலமும் ஏழையும்

1797-ல் 'நிலத்து நியாயம்' என்னும் சிறு நூலை வெளியிட்டார். அவருடைய மூன்று கொள்கைகளும் ஒன்றுகூடும் இடம் அதுவே. இறைவன் படைத்தபோது பூமி யாவர்க்கும் பொது. ஒருவன் உழுது திருத்தினதால் திருத்தத்தின் பயன் அவனதாகலாம், பூமியே அவனதாகாது. ஆதலின் நிலமுடையோர் நிலமிழந்தோர்க்கு ஒரு கடன் பட்டிருக்கின்றனர் என்றார். உள்ளதைப் பறித்துப் பங்கிடச் சொன்னாரில்லை. ஒருவர் இறந்து சொத்துக் கைமாறும்போது பத்தில் ஒரு பங்கை எடுத்து ஒரு நிதி சேர்த்து, இருபத்தொரு வயதெய்தும் ஒவ்வொருவர்க்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், பதினைந்து பவுன் முதலாகக் கொடுக்கவும், ஐம்பது வயது கடந்தார் யாவர்க்கும் வருஷம் பத்துப் பவுன் அளிக்கவும் திட்டம் வகுத்தார். பணக்காரன் ஏழை என்னும் பேதமின்றிக் கொடுத்தால்தான் அது பிச்சையாகாது உரிமையாகும் என்பதையும் விளக்கினார். இங்கிலாந்தில் முதியோர் உதவிச் சட்டம் 1908-ல் நிறைவேறி, எழுபது கடந்த ஏழைகட்கு வாரம் ஐந்து ஷில்லிங் வழங்கத் தொடங்கியது 1909-ம் வருஷம் ஜனவரி மாதம். பெயின் எண்ணிய எண்ணம் அரசாங்கத்தின் செவியில் ஏறுதற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேற் சென்றது.

இறுதிக்காலம்

1802-ல் ஜெபர்ஸன் ஜனாதிபதியாயிருந்தபோது பெயின் அமெரிக்காவிற்கு மீண்டார். தாம் யாருடைய சுதந்திரத்திற்கு எழுதினாரோ அவர்களே அவரைக் கண்டு முகஞ்சுளித்தனர். மதநூலை மறுத்தவர் என்பதொன்றே அவர்கள் நினைவில் நின்றது. முன்னொருநாள் அவர் கட்டுரை கேட்டு வீரர் வெற்றிகொண்ட அதே டிரென்டன் நகரில், 1803-ல், வண்டிக்காரர் அவர்க்கு இடந்தர மறுத்தனர். 1806-ல் நியூரோஷெல் என்னும் ஊரில் அவர் அமெரிக்கக் குடியல்லர் என்று கூறி வாக்குரிமையும் மறுத்தனர். அந்நிலையிலும் அவர் அடங்கினாரில்லை. லூயிஸியானா நாட்டார் அடிமைகளை இறக்குமதி செய்ய உரிமை கேட்டபோது, சுதந்திரம் வேண்டுவோர் பிறரை அடிமைகொள்ளக் கேட்பதோ என்று 1804-ல் வெளிப்படையாக இடித்துரைத்தார். தமக்கு எஞ்சிய ஒரே பெரிய நண்பரும் அடிமைகளை உடையவருமான ஜெபர்ஸனுக்கும் அதுபற்றி எழுதினார்.

மரணப் படுக்கையிற் கிடந்தபோது, கொள்கையை மாற்றிக்கொண்டதாக ஒரு சொல் வாங்கப் பலர் வந்தனர். எவர்க்கும் அவர் அச்சொல்லைத் தரவில்லை. 1809-ம் வருஷம் ஜூன் மாதம் 8-ந் தேதி நியூயார்க்கில் எழுபத்திரண்டாவது வயதில் உயிர் நீத்தார். தந்தையார் வழிபட்ட குவேக்கரும் தம் மயானத்தில் இடந்தர மறுத்தமையால், நியூரோஷெல்லிலிருந்த தம் சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பாரிசில் அவரை ஆதரித்த ஒரு பத்திரிகாசிரியரின் மனைவியாரும் மகனும் உள்ளிட்டு உடன் சென்றார் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. முன்னர் அவரைத் தூற்றிப் பின்னர் மனந்திரும்பிய வில்லியம் காபெட் என்பவர், 1819-ல் இங்கிலாந்திற் சிறப்புச் செய்ய எண்ணி எலும்புகளைத் தோண்டியெடுத்துச் சென்றார். நினைவுச்சின்னம் எழவில்லை, எலும்புகளும் போன இடம் தெரியாதொழிந்தன.

எலும்பு மறைந்தாலும் எழுத்து மறையவில்லை. அந்நூலை அச்சிட்ட குற்றத்திற்காக ரிச்சர்டு கார்லைல் என்னும் அச்சுத்தொழிலார் 1819 முதல் 1825 வரை இங்கிலாந்திற் சிறையிருந்தார். நம் தேசத்திலோ, பூனாவில் தோட்டப் பயிர் செய்யும் மாலி வகுப்பிற் பிறந்த ஜோதிராவ் பூலே என்னும் பெரியார் இளமையில், 1847-ம் வருஷத்தளவில், 'மனிதனுடைய உரிமைகள்' நூலைப் படித்தார். அடுத்த வருஷமே பெண்களுக்குப் பள்ளி திறந்தார். தம் மனைவியார் சாவித்திரிபாயை உபாத்தியாயினியாக்கினார். 1873-ல் தாம் எழுதிய நூலை, அடிமைத்தனத்தை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார். கச்சுத் தைப்பவர் மகன் எழுதியதைத் தோட்டக்காரர் மகன் கடல் கடந்து பெற்றுக்கொண்டார்.

இச்சரிதத்தை நம் சங்கத்தார் ஒரு காரியத்திற்குக் கைக்கொள்ளல் வேண்டுமென்பது நம் விருப்பம். மேலிருப்போரிடம் நாம் சமத்துவம் கேட்கின்றோம்; கேட்பது நியாயமே. அதே சமத்துவத்தை நம் வீட்டுப் பெண்மக்கள் நம்மிடம் கேட்கும்போதும், நம் களத்திலும் கடையிலும் உழைப்போர் கேட்கும்போதும், நம்மினும் தாழ்ந்தவர் என்று நாம் ஒதுக்கினோர் கேட்கும்போதும் நாம் யாது விடை கூறுகின்றோம்? வழக்கம் இது, பெரியோர் வகுத்தது இது என்று கூறுவோமாயின், நமக்கு மேலிருப்போர் நமக்குக் கூறும் விடையையே நாமும் கூறியவராவோம். மன்னர்க்கு எதிராக எழுதிய கையாலேயே மன்னர் உயிர்க்காகவும் எழுதியவர் பெயின். அன்பர்கள் இதனை இல்லத்தில் யாவரும் கேட்கப் படித்து, அவ்வினாவைத் தம்முள் ஆராய்வாராக.